உக்கிராணச் சாவி யார் கையில்?

வாசகர் கடிதம் (சுருக்கியிருக்கிறேன்):

ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நாகர்கோவிலிலிருந்து சிங்கப்பூர் வந்து பதினொரு வருடம் ஆகிறது. ஈசூனில் வாடகை வீடு, ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. இரண்டு வருடமாக ஒரு தமிழ்ச் சபைக்குப் போகிறோம். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வருகிறவர்களில் என்னைத் தவிர எல்லாரும் அந்நியபாஷை (ஆவியின் ஏவுதலால் வரும், கற்காத மொழி) பேசுவார்கள். போன மாதம் உபவாச ஜெபத்தில் என் தலையில் கை வைத்து, "அல்லேலூயா"வை நிறுத்தாமல் வேகமாகச் சொல்லச் சொன்னார்கள். அரை மணி நேரம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. கடைசியில் வாய்க்கு வந்த எதையோ சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள். அது நானே உண்டாக்கியது என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. சபை முகாமில் ஆவியின் வரங்களைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். எனக்கு "உதவி", "நிர்வாகம்" என்று வந்தது. "அது ஆபீஸ் வேலை, வரமில்லை" என்று ஒருவர் சிரித்தார். இதற்கிடையில் ஒரு மறுவிற்பனை வீட்டுக்கு ஆப்ஷன் (வாங்கும் முன்னுரிமை) வாங்கியிருக்கிறோம். குழுவில் மூத்த சகோதரி ஒருவர், "அந்த வீடு வேண்டாம் என்று கர்த்தர் காட்டினார்" என்கிறார். என் கணவர் சி.எஸ்.ஐ.யில் வளர்ந்தவர். "வரமெல்லாம் அப்போஸ்தலரோடு முடிந்துபோனது" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறார். நான் சபைக்குச் செய்வது, ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் தங்கும் விடுதிகளிலிருந்து வரும் தம்பிமாருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் எண்ணி வைப்பது, வராதவர்களுக்குப் போன் போடுவது, அவ்வளவுதான். ஒரு தம்பி இரண்டு வாரம் வராதபோது போன் போட்டால், வேலையில் விரல் நசுங்கி அறையிலேயே படுத்திருந்தான். அவனோடு மனிதவள அமைச்சு வரை போய்வந்தேன். மற்றபடி ஒன்றுமில்லை. எனக்கு வரமே இல்லையா? இல்லை, ஏதாவது பாவம் தடையாக நிற்கிறதா?

பதில்:

அன்புச் சகோதரி,

வீட்டு விஷயத்துக்குக் கெடு இருப்பதால் அதை உங்களுக்குத் தனியாக மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்து. முதலில் உங்கள் தூக்கம்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. அப்போது வயது 23, கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. வாரம் ஒருநாள் ஒரு அடுக்குமாடி வீட்டில் ஜெபக்கூட்டம். யாருடைய கூட்டம் என்பது வேண்டாம். அதில் பாதிப் பேர் இப்போது பரலோகத்தில். ஒருநாள் என்னை நடுவில் முழங்காலில் நிற்கவைத்து, காதுக்கு ஒருவராக இரண்டு பேர் உரக்க ஜெபித்தார்கள். மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. எனக்குக் கடைசி பஸ் கவலை. நாக்கைச் சுழற்றி நாலு சத்தம் போட்டேன். "ஸ்தோத்திரம், இறங்கிவிட்டது" என்றார்கள். பஸ்ஸும் கிடைத்தது. ஆனால் நாலு வருஷம் அதை யாரிடமும் சொல்ல முடியாமல் புழுங்கினேன். பிறகு ஒரு வயதான போதகரிடம் சொன்னபோது அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டார். உங்களுக்கும் அந்தக் கேள்விதான்.

உங்களைச் சுற்றி நின்றவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. அவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் ஆவியின் அபிஷேகத்துக்கு அந்நியபாஷையே முதல் அடையாளம் என்பது போதனை. அது 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாகி உலகமெங்கும் பரவியது. அப்போஸ்தலர் பவுலோ, கொரிந்து சபைக்கு எழுதிய 1 கொரிந்தியர் 12:30இல், "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று கேட்கிறார். கேள்வி போட்டிருக்கும் தோரணையிலேயே "இல்லை" என்ற பதில் இருக்கிறது. பெந்தெகொஸ்தே அண்ணன்மார் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள்: அடையாளமாக வரும் பாஷை எல்லாருக்கும் உண்டு, சபையில் பயன்படும் பாஷை வரம் சிலருக்குத்தான் என்பார்கள். அவர்களோடு சேர்ந்து ஜெபிக்க எனக்குத் தடையில்லை. ஆனால் அந்தப் பிரிவினையை வசனத்தில் நான் காணவில்லை. வேகமாகச் சொல்லவைத்து நாக்கைப் பழக்கும் முறையையும் வேதத்தில் எங்கும் பார்க்கவில்லை. பாவம் தடையாக நிற்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள், கொரிந்து சபையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். வழக்கு, கட்சி, முறைகேடு எல்லாம் அங்கே இருந்தது. பாஷைக்கு மட்டும் குறைவே இல்லை.

அதற்காக அந்நியபாஷையே பொய் என்று சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் மாமியார் விடியற்காலையில் அரிசி களைந்துகொண்டே மெல்லிய குரலில் அப்படி ஜெபிப்பார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் அது கேட்காது. யாரும் கைதட்டியதும் இல்லை, யாரையும் அவர் பேசவைக்க முயன்றதும் இல்லை.

இனி நான் சொல்லவந்த விஷயம். நமக்கு வந்திருக்கும் குழப்பத்தில் பாதி "வரம்" என்ற சொல்லால் வந்தது என்பது என் எண்ணம். வரம் என்றால் தமிழ்க் காதுக்கு உடனே என்ன கேட்கும்? தவம். ஒற்றைக் காலில் நின்று, பட்டினி கிடந்து, தெய்வத்தை இறங்கிவரச் செய்து வாங்குவது. வாங்கியவன் அதை யார் தலையிலாவது வைத்துப் பார்க்க வேண்டும். பஸ்மாசுரன் கொடுத்தவர் தலையிலேயே வைக்கப் போனான். நாம் ஞானஸ்நானம் பெற்று நாலு தலைமுறை ஆகியிருக்கலாம், சொல்லுக்கு அதன் பழைய வாசனை போகவில்லை. மூன்று நாள் உபவாசம், ஏழு நாள் உபவாசம், இன்னும் இறங்கவில்லையா, அப்படியானால் தவத்தில் ஏதோ குறை! பவுல் எழுதிய கிரேக்கச் சொல் காரிஸ்மா. காரிஸ் என்றால் கிருபை. கிருபையாகக் கிடைத்ததற்கு விலை கொடுத்தேன் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. வரங்களை நாடுங்கள், விரும்புங்கள் என்று பவுலே சொல்கிறார், சரிதான். ஆசைப்படுவது வேறு, வட்டிக்குப் பணம் கட்டியவர் மாதிரி வரிசையில் நிற்பது வேறு.

இரண்டாவது இடறல் நம் கையிலுள்ள பழைய மொழிபெயர்ப்பில். 1 கொரிந்தியர் 12:7ஐ எடுங்கள்: "ஆவியினுடைய அநுக்கிரகம் அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று அளிக்கப்பட்டிருக்கிறது." சிறுவயதிலிருந்து இதை வாசித்துவந்தால் என்ன தோன்றும்? என் வரம் என் பிரயோஜனத்துக்கு, உன் வரம் உன் பிரயோஜனத்துக்கு. மூலத்தில் "அவனவன்" என்ற சொல் பிரயோஜனத்தோடு ஒட்டி நிற்கவில்லை. ஒவ்வொருவனுக்கும் அளிக்கப்படுகிறது, பயனுக்காக அளிக்கப்படுகிறது, அவ்வளவே. யாருடைய பயன் என்பதைக் கை, கால், கண் என்று அடுத்து வரும் உடல் உவமை சொல்லிவிடுகிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இதைப் "பொது நன்மை" என்றே போட்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் வெள்ளிக்கிழமைக் குழுவில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

பழைய மொழிபெயர்ப்பைக் குறை சொல்லிவிட்டேன், அதனால் அதன் பெருமையையும் சொல்லவேண்டும். 1 பேதுரு 4:10இல், வரம் பெற்றவர்களுக்கு அது கொடுக்கும் பெயர் "உக்கிராணக்காரர்". இதைவிட நல்ல தமிழ்ச் சொல் எனக்குத் தெரியவில்லை. ஊர்க் கல்யாணங்களில் பார்த்திருப்பீர்கள். சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஒரு அறை, வாசலில் ஒரு பெரியப்பா, இடுப்பில் சாவி. அரிசி, பருப்பு, வெல்லம், வாழையிலை எல்லாம் அவர் பொறுப்பு. எதுவும் அவருடையது இல்லை. மேடையில் அவரை ஏற்றமாட்டார்கள், போட்டோவில் இருக்கமாட்டார். மூன்றாவது பந்திக்கு அப்பளம் தீர்ந்தால் மட்டும் எல்லாரும் அவரைத் தேடுவார்கள். நல்ல உக்கிராணக்காரர் தேடவிடமாட்டார். இரண்டாவது பந்தியிலேயே ஆளை அனுப்பியிருப்பார்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். வராதவர்களுக்குப் போன் போடுவதை "அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இடத்தைத் தாண்டி உடனே வாசிக்க முடியவில்லை. பொட்டலத்தை எண்ணுகிறவர்கள் பல பேர் உண்டு, நானும் எண்ணியிருக்கிறேன். அறுபது வாங்கினோம், ஐம்பத்தெட்டு போயிற்று, மீதி இரண்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனோம். அந்த மீதிப் பொட்டலத்தைப் பார்த்து "யார் வரவில்லை?" என்று கேட்டவர் நீங்கள். இரண்டாவது வாரமும் அதே ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் போன். அப்புறம் விடுப்புப் போட்டுவிட்டு அவனோடு அமைச்சுக்கு.

கொரிந்தும் நம் ஊர் மாதிரித் துறைமுக நகரம்தான். இரண்டு பக்கமும் துறைமுகம், பல ஊர் ஆட்கள், பணமும் உண்டு, அடிமைகளும் உண்டு. பவுல் வரங்களைப் பற்றி எழுதும் 12ஆம் அதிகாரத்துக்கு முன்னால் 11ஆம் அதிகாரம் இருக்கிறது, அதை நாம் திருவிருந்து ஆராதனைக்கு மட்டும் எடுத்து வாசிக்கிறோம். அங்கே பிரச்சினை சாப்பாடு. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறார்கள். இல்லாதவர்கள் வந்து பார்த்தால் ஒன்றுமில்லை. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." அந்தச் சூட்டோடுதான் அவர் வரங்களுக்கு வருகிறார். துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்து ஓவர்டைம் முடித்துவிட்டு, ஆராதனை பாதி ஆனபின் பின்வரிசையில் வந்து உட்காரும் தம்பிக்கு ஒரு பொட்டலம் எடுத்துவைக்கிற கை, கொரிந்து சபையில் காணாமல்போயிருந்த கை. "பலவீனமுள்ளவைகளாய்க் காணப்படுகிறவைகளே மிகவும் வேண்டியவைகளாயிருக்கிறது" என்று 12:22 சொல்வது இந்தச் சூழ்நிலையில்தான்.

"அது ஆபீஸ் வேலை" என்று சிரித்தவருக்கு ஒரு சின்னத் தகவல். 12:28இல் "ஆளுகைகள்" என்று நம் வேதத்தில் இருக்கும் சொல்லுக்கு மூலத்தில் கப்பலின் சுக்கான் பிடிப்பது என்று பொருள். பட்டறையில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். பாய்மரம் கண்ணுக்குத் தெரியும், சுக்கான் தண்ணீருக்குள் இருக்கும். அதே வசனத்தில் குணமாக்கும் வரத்துக்கு அடுத்ததாகவே "ஊழியங்கள்" வருகிறது. அது உதவி செய்வதைக் குறிக்கும் சொல். பலவித பாஷைகள் அதற்கும் பின்னால், கடைசியில். வரிசையை வைத்து நான் மார்க் போடவில்லை, அவர் சிரித்ததால் சொல்கிறேன்.

அந்தக் கேள்வித்தாளையும் ரொம்பப் பெரிதாக எடுக்கவேண்டாம். இவை 1970களிலிருந்து அமெரிக்கச் சபைகள் வழியாக நமக்கு வந்தவை. நீங்கள் ஏற்கெனவே என்ன செய்திருக்கிறீர்கள், எது பிடிக்கும் என்பதைத்தான் அவை காட்டும். சபையில் யாருக்கு என்ன குறைகிறது என்று எந்தத் தாளும் கேட்பதில்லை. பவுலின் பட்டியல்களும் முழுமையானவை இல்லை. ரோமர் 12இல் ஏழு, 1 கொரிந்தியர் 12இன் தொடக்கத்தில் ஒன்பது, முடிவில் வேறு ஒரு வரிசை, எபேசியர் 4இல் இன்னொன்று. எதுவும் எதோடும் ஒத்துப்போவதில்லை. நாலிலும் தவறாமல் வருவது தீர்க்கதரிசனம் ஒன்றுதான்.

அது நம்மை வீட்டு விஷயத்துக்குக் கொண்டுவருகிறது.

நம் ஊரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீட்டுக்கு ஆப்ஷன் வாங்கினால் முடிவெடுக்க 21 நாள். அதற்குள் கையெழுத்துப் போடாவிட்டால் கொடுத்த பணம் போயிற்று. அது 1,000 வெள்ளிக்கு மேல் போகாது. இப்படிக் கெடு ஓடும்போது "கர்த்தர் காட்டினார்" என்று ஒருவர் சொன்னால் கை நடுங்கத்தான் செய்யும். பவுலுக்கும் இது நடந்தது. அப்போஸ்தலர் 21இல் தீருவிலிருந்த சீஷர்கள் எருசலேமுக்குப் போகவேண்டாம் என்று ஆவியின் ஏவுதலால் சொன்னார்கள். பிறகு அகபு என்ற தீர்க்கதரிசி வந்து, பவுலின் கச்சையை எடுத்துத் தன் கையையும் காலையும் கட்டிக்கொண்டு, அங்கே போனால் இப்படித்தான் கட்டுவார்கள் என்றார். அகபு நடக்கப்போவதைச் சொன்னார், போகாதே என்று கட்டளையிடவில்லை. பவுல் கேட்டுக்கொண்டார், யோசித்தார், போனார். யாரும் அவரைக் கீழ்ப்படியாதவர் என்று தள்ளிவிடவில்லை. "கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது" என்று விட்டுவிட்டார்கள்.

ஆகவே அந்த மூத்த சகோதரியிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "அக்கா, நீங்கள் என்ன பார்த்தீர்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களாக நினைத்தீர்கள்?" இரண்டும் வேறு. சிலவேளை அவருக்கு வந்தது உங்கள்மேல் ஒரு பாரம் மட்டுமாக இருக்கும். வீடு என்பது அவர் சேர்த்தது. 1 கொரிந்தியர் 14:29 தீர்க்கதரிசிகள் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்கிறது. நிதானிக்கக்கூடாது என்று ஒருவர் கோபப்பட்டால், அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். மிச்சத்தைக் கணக்குக்காரரான நீங்களே செய்யலாம். வீவக வீட்டுக்கு மாதத் தவணை மொத்தச் சம்பளத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. அதற்குள் வருகிறதா, ஒருவர் சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாங்கும், கணவருக்கு மனம் ஒப்புகிறதா? கணக்குப் போடுவது விசுவாசக் குறைவு இல்லை. பஞ்சம் வரப்போகிறது என்று அதே அகபு முன்பு சொன்னபோது அந்தியோகியா சபை செய்ததும் கணக்குத்தான்: அவரவர் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்து அனுப்பினார்கள்.

குணமாகிவிட்டது, மாத்திரையை நிறுத்து என்று யாராவது சொன்னாலும் இதே பதில். குணமாக்கும் வரத்தை நான் நம்புகிறேன். பவுலே தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்ததாக எழுதியிருக்கிறார் என்பதையும் நம்புகிறேன். மாத்திரையை நிறுத்துவது மருத்துவர் வேலை.

உங்கள் கணவருக்கு இரண்டு வார்த்தை. அவர் சொல்வதற்கும் பழைய சாட்சி உண்டு. நாலாம் நூற்றாண்டின் கடைசியில் கிறிசோஸ்தோம் என்ற சபைப் பிதா இந்த 12ஆம் அதிகாரத்துக்குப் பிரசங்கம் செய்தபோது, அன்று நடந்தது இப்போது நடப்பதில்லை, அதனால் பகுதியே நமக்குத் தெளிவாக இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஆனால் சில பத்தாண்டுகளுக்குள் இன்னொரு சபைப் பிதாவான அகுஸ்தீன் தன் காலத்தில் நடந்த அற்புதங்களை வரிசையாக எழுதி வைத்தார். அவ்வளவு தூரம் போகவேண்டாம், உங்கள் சொந்தச் சீமைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: 1860இல் திருநெல்வேலிப் பகுதியில், ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் ஊழியம் செய்த இடங்களில் ஒரு எழுப்புதல். அந்நியபாஷை, அர்த்தம் சொல்லுதல், தீர்க்கதரிசனம், பாவ அறிக்கை எல்லாம் நடந்தன. பெந்தெகொஸ்தே இயக்கத்துக்குப் பேர் வாங்கித்தந்த, அமெரிக்காவின் அசூசா தெரு எழுப்புதல் 1906இல்தான். நாற்பத்தாறு வருஷம் முந்திக்கொண்டது நம் தெற்குச் சீமை! இங்கே சிங்கப்பூரிலும் 1970களில் எழுப்புதலைத் தொடங்கியவர்கள் எல்லாம் வெளியாட்கள் இல்லை. ஆங்கிலிக்கன் பேராயர் சியூ பான் இட் 1973இல் அதைத் தன் திருச்சபைக்குள்ளேயே வரவேற்றவர். இதைச் சொல்லி உங்கள் கணவரோடு வாதாடாதீர்கள். தேநீர் நேரத்தில் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

உபவாச ஜெபத்தில் நடந்ததை முதலில் அவரிடமே சொல்லிவிடுங்கள். அவர் "நான்தான் சொன்னேனே" என்று ஆரம்பித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் குழுத்தலைவரிடம், தனியாக, வாட்ஸ்அப்பில் இல்லாமல் நேரில்: "அன்று நான் பேசியது என் சொந்தச் சத்தம். நீங்கள் சந்தோஷப்பட்டதைக் கெடுக்க மனமில்லாமல் இருந்துவிட்டேன். இனி பாஷைக்காக என்னை நடுவில் நிறுத்தவேண்டாம், கர்த்தர் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்." இதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவையில்லை. அவர் மனம் வாடினால், வாடட்டும். அந்தக் குழுவில் இன்னும் ஒருவராவது உங்களைப் போலவே பஸ்ஸைப் பிடித்தவராக இருப்பார் என்பது என் சந்தேகம்.

உங்கள் வேலையில் ஒரு யோசனை மட்டும். அந்தப் போன் பட்டியல் உங்கள் தலைக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர், விடுதி, ஊர், கடைசியாக வந்த ஞாயிறு. குழுவில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் அந்தத் தம்பிமாரில் ஒருவரை. கல்யாண வீட்டுப் பெரியப்பாவும் பக்கத்தில் ஒரு பையனை வைத்துக்கொண்டுதான் சாவியைப் பிடித்திருப்பார்.

கடைசியாக, விரல் நசுங்கிய தம்பியின் இழப்பீடு என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. அமைச்சு வரை போனதாகச் சொல்கிறீர்கள், கோரிக்கை பதிவாகியதா என்று தெரியவில்லை. வேலையிட விபத்து இழப்பீட்டுக்கு, விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்கவேண்டும். யார்மேல் தப்பு என்பது கேள்வியில்லை, அவன் அந்த முதலாளியிடம் இப்போது வேலையில் இல்லாவிட்டாலும் கேட்கலாம். தேதியை இந்த வாரமே பாருங்கள்; பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.